அகழியோரத்தில் நான்கு லாடங்கள்

ஹால் பண்ணை, சஃபோக்
மார்ச் 9

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

அப்பா எழுதுவது. டாஸ்மேனியாவில் இப்போது வெயில் தணிந்திருக்கும். இங்கே மழை விட்டபாடில்லை.

தேவாலயத்தை ஒட்டிய நம் மேய்ச்சல் நிலம்தான் இப்போது ஊர்ப்பேச்சு. கல்லறைத் தோட்டத்தில் இனி ஒரு குழிக்கும் இடமில்லை. சுவரோரத் துண்டைத் தருகிறேன் என்றேன். அகழி சூழ்ந்த பழைய மாளிகை இருந்த இடமாயிற்றே, தொல்லியல்காரர்கள் முதலில் பார்க்கட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவர்கள் கூடாதென்றால் நகரத்து மயானம்தான். "முன்னபின்ன தெரியாதவங்க நடுவுல என்னைப் படுக்க வைக்காதீங்க" என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். டாக்டர் அவளைப் பற்றிக் கோடையைத் தாண்டிப் பேச மாட்டேன் என்கிறார்.

தொல்லியல்காரர்கள் தரப்பில் இமோஜன் என்ற பெண் வந்தாள். நிலத்தில் கயிறு கட்டிக் கட்டம் போட்டு, மண்ணுக்குள் இருக்கும் இரும்பையும் சுட்ட செங்கல்லையும் மோப்பம் பிடிக்கும் கருவியோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பக்கத்தில் இரும்பு வந்தால் கருவி உளறுமாம். ஊக்குகூட இல்லாமல், கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தாள். நம் பெண் பாதிரியார் கோயில் சாவிக்கொத்தோடு போய் நலம் விசாரித்ததில் அரை நாள் வேலை பாழ். "சாவியைச் சாமிகிட்டயே குடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று இமோஜன் கத்தியது எனக்கு அடுக்களை வரை கேட்டது.

பிறகு கருவி பதிந்த படம் வந்தது. அகழிக்குள்ளே சுவர்களும் அடுப்புகளும் தெரிந்தன. அங்கே கை வைக்கக் கூடாது, எதிர்பார்த்ததுதான். அகழிக்கு வெளியே, நான் தருவதாகச் சொன்ன துண்டில், நான்கு கறுப்புப் புள்ளிகள். கொல்லன் பட்டறையாக இருக்கலாம், அப்படியானால் இதுவும் கிடையாது என்றாள். அவளுக்கு ஒரே குஷி.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "பட்டறையாவது மண்ணாவது! இது நம்ம ஜூனிப்பர்" என்றாள்.

உன் மட்டக்குதிரையேதான், செத்ததும் அங்கேதானே புதைத்தோம். புதைக்கும் முன் லாடத்தைக் கழற்றிவிடுவதுதான் இங்கே வழக்கம். அது வெறுங்காலோடு போகக் கூடாது என்று நீ அழுது, லாடக்காரரைக் கிட்டவே விடவில்லை.

இமோஜன் ஓரமாகத் தோண்டிப் பார்த்தாள். ஒரு லாடம் கையில் வந்தது. முகம் தொங்கிப்போயிற்று, பாவம். அந்தத் துண்டில் வேறெதுவும் இல்லை, குதிரைக் குழியில் மண் ஏற்கெனவே கலைந்ததுதான், அடக்கம் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"என் ரோஜாவையெல்லாம் தின்ன கழுதை அது. செத்தும் அது பக்கத்துலயா?" என்று அம்மா திட்டினாள். ஆனால் தனக்கான இடத்தைக் காட்டியது அவள்தான், ஜூனிப்பருக்கு அடுத்தாற்போல். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாயிற்று, எனக்குத்தான் அழுகை வந்தது.

நீ அடக்கத்துக்கு வர வேண்டாமாம். "அப்ப வந்து யார்கிட்ட திட்டு வாங்கப் போறா? இப்ப வரச் சொல்லுங்க" என்கிறாள்.

அந்த லாடத்தைக் கழுவித் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். மூன்று லாடத்தோடு ஜூனிப்பரை விட்டால் நீ சும்மா இருக்க மாட்டாயாம். அடுத்து அங்கே மண் வெட்டும்போது திரும்பப் போட்டுவிடலாம் என்கிறாள்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மண் வெட்டும் முன்னால் வந்துவிடு, மகளே.

அன்புடன்,
அப்பா எட்கர்