ஒன்றிலிருந்து மூன்று வரை

ஜூன் 15, ஞாயிறு
காலை ரேடியோவில் ஒரு கருத்துக்கணிப்பு. ஓய்வு நேரத்தில் மனிதர்களோடு கூடியிருக்கத்தான் ஜெர்மானியர்களுக்கு ஆசையாம். ஆனால் செய்வது என்னவோ திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதானாம். “உன் ஆளுங்க பேசுறாங்க, ரோஸி” என்றார் என் கணவர் ஓட்மார்.

என் ஆட்கள்தான். இருபத்தெட்டு வருஷம் மாக்டபர்க் முழுக்க வீடு வீடாக மணியடித்து இதே கேள்விகளைக் கேட்டவள் நான். அதில் தேறியது ஒரே பாடம். ஒருவரிடம் அவரைப் பற்றிக் கேட்டால் பொய் வரும், அடுத்தவரைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். “நீங்க எவ்வளவு நேரம் டிவி பாக்குறீங்க?” என்றால் அரை மணி. “உங்க பக்கத்து வீட்டுக்காரர்?” என்றால் ஐந்து மணி நேரம். இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு
எங்கள் தோட்டச் சங்கத்தில் நாற்பத்தாறு துண்டுத் தோட்டங்கள், குத்தகைக்கு எடுத்து ஓய்வு நாளில் வீட்டிலிருந்து வந்துபோகிறோம். வேலி இடுப்பளவு. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. இந்த விதியை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, பதினேழாம் தோட்டத்து ஸ்வென்யா ராட்கேவைத் தவிர. வசந்தத்தில்தான் வந்தாள். மருத்துவமனைத் தாதி, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு டிராம்போலின். இன்று ஒன்று இருபதுக்கு இரண்டும் குதித்துக் குதித்துக் கத்தின. ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள். மூன்று வாங்கினால் தோட்டம் போய்விடும்.

பதினெட்டில் இருக்கும் பிரில் பெரியவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மனைவி போன பிறகு தனி ஆள். பாவமாக இருந்தது. “என்ன சத்தம், பாருங்க!” என்றேன். “ஆமா... பிள்ளைங்க” என்று பெருமூச்சு விட்டார். எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்து அவர் சார்பில் நானே புகார் எழுதித் தலைவர் லிண்டோவிடம் கொடுத்தேன். செயலாளர் என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்?

ஜூலை 13, ஞாயிறு
ஸ்வென்யாவுக்கு இரண்டாவது எச்சரிக்கை போய்விட்டது. மாலை என் தோட்ட வாசலில் வந்து நின்றாள்.

“கெமரரம்மா, யாருக்குத் தொந்தரவுன்னு மட்டும் சொல்லுங்க. நானே போய் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

“பேர் சொல்லக் கூடாது.”

“எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு, அதுவும் எல்லா வாரமும் இல்ல. வீட்ல குதிச்சா கீழ் வீட்டுக்காரர் கட்டையால கூரையத் தட்டுறாரு. இங்கயும் கூடாதுன்னா இதுங்க எங்கதான் குதிக்கும்?”

விதி விதிதான்.

ஜூலை 20
மறுபடி சத்தமாம். லிண்டோவே கேட்டாராம். மூன்றாவது எச்சரிக்கையை ஆகஸ்ட் 23 கூட்டத்தில் வாக்குக்கு விடுகிறார். “எல்லாரும் நொந்து போயிருக்காங்க, ரோஸ்வித்தா” என்றார். யார் அந்த எல்லாரும் என்று கேட்டேன். “எல்லாரும்தான்.”

இது வேலைக்கு ஆகாது. வாக்கெடுப்பில் முகத்துக்கு முகம் பார்த்துக் கை தூக்கத் தயங்குவார்கள். முறையாக ஒரு கணிப்பு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் யாரும் வாய் திறக்க முடியாது. பெயரில்லாத தாள், இரண்டே கேள்வி. மதியச் சத்தம் உங்களைப் பாதிக்கிறதா? மற்ற உறுப்பினர்களைப் பாதிக்கிறது என்று நினைக்கிறீர்களா? கீழே கருத்து எழுத இரண்டு வரி. தபால் பெட்டி ஒன்றைச் சங்கக் கூடத்து வாசலில் தொங்கவிட்டாயிற்று. நாற்பத்தாறு தாளையும் ஓட்மார்தான் மடித்தார், முணுமுணுத்துக்கொண்டே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
நாற்பத்து மூன்று தாள் வந்துவிட்டது. எந்தக் கணிப்பு நிறுவனமும் என் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்.

என்னைப் பாதிக்கிறது: நான்கு பேர். மற்றவர்களைப் பாதிக்கிறது: முப்பத்தெட்டு பேர்.

நான் சொன்னதேதான். தன்னைப் பற்றிப் பெருந்தன்மை, அடுத்தவரைப் பற்றி உண்மை. முப்பத்தெட்டுதான் நிஜக் கணக்கு. லிண்டோவுக்குப் போன் செய்தேன். மனிதருக்கு ஒரே குஷி. “முதல் கேள்விய விட்டுடு, ரெண்டாவத மட்டும் படி. குழப்பம் வேணாம்.”

ஆகஸ்ட் 4
ஒரு தாளைச் சரியாகப் பார்க்கவில்லை. பெயரில்லாத தாள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். ஆனாலும் கீழே முழுப் பெயர், தோட்ட எண், தேதி, கையெழுத்து. எர்வின் பிரில், பதினெட்டு. ‘கையெழுத்து இல்லாத தாள் செல்லாது’ என்று ஓரத்தில் எனக்கே புத்திமதி வேறு. சிரித்துக்கொண்டே கருத்தைப் படித்தேன்.

‘பாதிப்பு இல்லை. அந்த இரண்டு மணி நேரம் ரேடியோகூடப் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை என் காதில் விழும் மனிதக் குரல் அந்தப் பிள்ளைகளுடையது மட்டும்தான். போன வாரம் அதுவும் இல்லை. எந்தப் புண்ணியவான் புகார் கொடுத்தானோ.’

சிரிப்பு நின்றுவிட்டது.

புண்ணியவதி. நான்தான்.

ஆகஸ்ட் 5
இன்னொன்றும் இருக்கிறது, எழுதியே ஆக வேண்டும். பெட்டிக்குள் என் தாளும் இருந்தது. என்னைப் பாதிக்கிறதா? இல்லை. மற்றவர்களை? ஆம். நான் பொய் சொல்லவில்லையே. அந்தச் சத்தம் என்னை ஒன்றும் செய்ததில்லை, நான் மதியம் தூங்குகிறவளே இல்லை. அப்படியானால் மற்றவர்கள் மட்டும் ஏன் பொய் சொல்லியிருக்க வேண்டும்?

இருபத்தெட்டு வருஷமாக எத்தனை வீட்டு வாசலில் தப்பான பதிலை நம்பினேன்? சீ, வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி
பிளம்ஸ் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு பிரில் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கேக்கைத் தொடவில்லை.

“என் பேர்லயா எழுதினீங்க?”

“நீங்கதானே பெருமூச்சு விட்டீங்க.”

“அது இடுப்பு வலிம்மா. குனிஞ்சு களை பிடுங்கிட்டு அப்பத்தான் நிமிர்ந்தேன்.” இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். “முப்பத்தாறு வருஷம் டிராம் ஓட்டினவன் நான். முதுகுக்குப் பின்னால எழுபது பேர் கத்துவாங்க. எனக்கு அமைதி வேணும்னு உங்ககிட்ட யாரு சொன்னா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவளிடம் சொல்கிறார். திரும்பும்போது கேக்கை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆகஸ்ட் 22
லிண்டோ மறுபடி போன். “ரெண்டாவது கேள்வி மட்டும், சரியா?” சரி என்று சொல்லவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி
கூட்டம். ஸ்வென்யா கடைசி வரிசையில், சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். நான் எழுந்து இரண்டு கேள்வியையும் படித்தேன். நான்கு. முப்பத்தெட்டு. லிண்டோ இருமினார். நான் நிறுத்தவில்லை.

“நம்மள்ல நாலு பேரத் தவிர யாருக்கும் தொந்தரவு இல்ல. ஆனா அடுத்தவருக்கு இருக்கும்னு நெனச்சு எல்லாரும் காவல் காக்கிறோம். ரெண்டாவது புகார எழுதினது நான். நான் யாருக்காக எழுதினேனோ அவர்கிட்டக் கேக்கவே இல்ல. எழுத்துமூலமா வாபஸ் வாங்குறேன். கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

அப்போது லிண்டோவின் மனைவி இர்ம்கார்ட் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். “நீ அந்த ரெண்டு மணி நேரமும் குறட்டைதான விடுறே. இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டே. எந்தக் காதால கேட்டே?” கூடமே சிரித்தது. அவரும் கடைசியில் சிரித்துவிட்டார், வேறு வழியில்லை.

மூன்றாவது எச்சரிக்கை தள்ளுபடி. அதற்காக நாங்கள் ஒரு விதியை அப்படியே தூக்கிப் போட்டுவிடுவோமா? ஒன்றரை மணி நேரம் விவாதித்து ஒரு திருத்தம். ஓய்வு நேரம் தொடரும். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் குரலுக்குப் பொருந்தாது. ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு ஆறு.

வெளியே வரும்போது ஸ்வென்யா கை கொடுத்தாள். “நீங்கதான் எழுதினீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல” என்றாள். சீக்கிரமே கையை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
ஒன்று நாற்பதுக்குப் பிரில் பெரியவர் என் வாசலில். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கையில் மடித்த தாள். புகாராம். முழுப் பெயர், தோட்ட எண், தேதி, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

‘பதினேழாம் தோட்டத்தில் நாற்பது நிமிடமாகச் சத்தமே இல்லை. விசாரிக்கவும்.’

இந்தத் தடவை எழுதுவதற்கு முன் போய்க் கேட்டேன். பிள்ளைகள் அவரே கொடுத்த கேக்கை வாய் நிறையத் தின்றுகொண்டிருந்தார்கள்.