எல்லாத்துக்கும் ஓம்

தெஹிவளை
09.06.2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்களும் நம் மகளும் உம்மாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போனைப் பூட்டி வைத்துவிட்டேன். மகளின் குரலைக் கேட்டால் அன்று முழுக்கப் படிப்பு ஓடுவதில்லை. இனி கல்முனை பஸ்ஸில் கடிதம்தான், குறை நினைக்காதீர்கள்.

எழுத்துப் பரீட்சைக்குப் பயமில்லை. நோயாளியிடம் கதைத்து நோயைக் கண்டுபிடிக்கும் பகுதிதான் படுத்துகிறது. மாதிரிப் பரீட்சையில் ஒருநாள் எழுபத்திரண்டு, அடுத்த கிழமை நாற்பத்தொன்று. பிறகு அறுபத்தெட்டு, திரும்பவும் நாற்பத்துமூன்று. படிப்பிக்கும் நேசரட்ணம் சேர் காரணம் சொல்லமாட்டார், "யோசிச்சுப் பாரும்" என்பார். இதைவிட வெட்கம், சிங்களத்தில் கதைக்கும் நாளில் புள்ளி வருகிறது, தமிழில் கதைக்கும் நாளில்தான் விழுகிறது!

பங்களாதேஷில் டொக்டருக்குப் படித்து முடித்தும், இங்கே பதிவதற்கான இந்தப் பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டேன். இம்முறையும் தவறினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடட்டுமா? ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள், மனம் ஆறும்.

உங்கள்
றினோஸா


கல்முனை
20.06.2024

என் றினோஸாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

பெருநாள் இறைச்சியைப் பொரித்து உம்மா அனுப்பியிருக்கிறா. மாட்டிறைச்சி சாப்பிடாத உன் அறைத்தோழி கிருஷிகாவுக்கு வேறு போத்தலில் இறால் சம்பல், மாறிப் போகாமல் பார்.

இங்கே உன்னை இப்போதே டொக்டர் என்றுதான் சொல்கிறார்கள். நான் திருத்தப் போவதில்லை. "டொக்டர்ர புருசன் போறார்" என்று காதில் விழுந்தால் என் மோட்டார் சைக்கிள் தானாக மெதுவாகிறது.

அந்தப் பெருமையில் ஒரு வம்பு. சம்மாந்துறை அரிசி மில்லில் மெசின் இரைச்சலுக்குள் நிற்கும்போது பக்கத்து வீட்டு முத்தலிப் காக்கா எனக்குப் போன் எடுத்தார். அரைவாசி கேட்கவில்லை. வழக்கம்போல "ஓம் காக்கா, ஓம் காக்கா" என்றுகொண்டு நின்றேன். பின்னேரம் வந்து பார்த்தால் மனிசன் தன் முன்னறைக்கு வெள்ளை அடிக்கிறார்! "என்ன காக்கா?" என்றேன்.

"டொக்டரம்மா இதுலதான் டிஸ்பென்சறி போடுவாவோ எண்டு கேட்டதுக்கு நீங்கதானே ஓம் எண்டீங்க?"

"கேட்டுக்கொண்டு நிக்கிறன் எண்டதுக்குத்தான் காக்கா ஓம் சொன்னன்" என்றால் யார் நம்புகிறார்கள்? ஒழுங்கையில் வீடு வீடாகக் கதை போய்விட்டது.

உன் கேள்விக்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன். பஸ் வெளிக்கிடப் போகிறது.

உன்
றிம்சான்


தெஹிவளை
30.06.2024

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

உங்கள் வம்பு என்னைக் காப்பாற்றிவிட்டது! கடிதத்தைக் கிருஷிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதத்தானே புள்ள நீயும் செய்யிறாய்!"

தமிழ்ப் பயிற்சியில் அவள்தான் நோயாளியாக நடிப்பாள். "டொக்டர், இது கேன்சரா இருக்குமோ எண்டு பயமா இருக்கு" என்பாள். நான் "ஓம்... ஓம்..." என்று தலையாட்டிக்கொண்டு அடுத்த கேள்வியை யோசிப்பேன். கேட்கிறேன் என்பதற்குத்தான் அந்த ஓம். ஆனால் நோயாளிக்கு அது கேன்சர்தான் என்று டொக்டர் சொன்ன மாதிரி! சிங்களத்தில் அடுத்த சொல்லைத் தேடுவதால் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன், புள்ளி வருகிறது.

சேரிடம் சொன்னேன். "இப்பதான் பிடிபட்டுதா?" என்று சிரித்தார். இப்போது ஒவ்வொரு ஓமுக்கும் கிருஷிகா கையில் கிள்ளுகிறாள். கை கன்றிவிட்டது. கடைசி மூன்று தடவையும் அறுபத்தாறு, அறுபத்தொன்பது, எழுபத்தொன்று. அல்ஹம்துலில்லாஹ்.

என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, மச்சான்.

றினோஸா


கல்முனை
14.07.2024

என் றினோஸாவுக்கு,

கிள்ளுகிற கைக்கு என் நன்றியைச் சொல். உன் கையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிறுத்த வேண்டாம் என்று சொல்.

நானும் திருந்திவிட்டேன். மகள் எதைக் கேட்டாலும் ஓம் சொல்வதில்லை, "வாப்பா கேக்கிறன் மகள்" என்கிறேன். வீட்டில் ஐஸ்கிரீம் பாதியாகக் குறைந்துவிட்டது. அவளுக்கு என்மேல் பெரிய கோபம்.

அந்த மூன்று புள்ளிகளையும் மில்லில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். நூற்றுக்கு எத்தனை எடுக்க வேண்டும் என்று கூட யாரும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே விளங்கியிருக்கும்.

மற்றக் கேள்வி ஞாபகம் இருக்கிறது. இப்போது மில்லில் வேலை கூடிவிட்டது.

றிம்சான்


தெஹிவளை
22.09.2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பாஸ் என்று போனில் சொன்னதும் அழத் தொடங்கிவிட்டீர்கள். மிச்சத்தைச் சொல்லவே விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பரீட்சையில் எனக்கு வந்தவர் வினாயகபுரத்து மீனவர், கொழும்புக்கு மருந்தெடுக்க வந்தவர். நம்மட பக்கத்துத் தமிழைக் கேட்டதும் பழைய ஓம் வந்துவிடுமோ என்று பயந்தேன். "மகள், நான் திரும்பக் கடலுக்குப் போவனா?" என்று கேட்டார். ஓம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். "உங்களுக்கு என்ன பயமா இருக்கு? சொல்லுங்க" என்றேன். மனிசன் மனம் விட்டுக் கதைத்தார். நான் பேசாமல் கேட்டேன்.

முத்தலிப் காக்காவிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் பயிற்சி வருடம் முடியட்டும். அதுவரை வெள்ளை மங்காமல் பார்க்கட்டும்.

பஸ் போகிறது, மில்லில் வேலை என்று எத்தனை சாட்டு! உங்கள்மேல் எனக்குச் சரியான கோபம்தான் இருந்தது. நேற்றுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. ஊரில் யார் எதைக் கேட்டாலும் ஓம் சொல்கிற என் மச்சான், நான் கைவிடட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் கடைசிவரை ஓம் சொல்லவில்லை.

உங்கள்
டொக்டர் றினோஸா
(இனி நீங்கள் திருத்தத் தேவையில்லை)