மூட்டை வாயில் புது நூல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் மாடுகளும் சுகம்தான், ஆனால் மயிரிழையில் தப்பின. தீவன ஆலை மூடியதிலிருந்து பிண்ணாக்கு, தவிடு எல்லாமே உன் சித்தப்பா கடையிலிருந்துதான் வருகிறது, தம்பி இருக்க வேறெங்கே போவது என்று இருந்துவிட்டேன். இந்த முறை வந்த மூட்டைகளில் சாக்கு பழையது, வாய் தைத்த நூல் மட்டும் புதுசு. பிரித்தால் தீவனம் கட்டி கட்டியாக, ஈரச் சுவர் வாடை. செவலைப் பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஃபோன் போட்டுக் கேட்டால் "மழைக்காலம்ண்ணே, பசிச்சா தின்னும்" என்கிறான். அம்மாவோ, "கூடப் பொறந்தவனையுமா சந்தேகப்படுவீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். நான் மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு வைக்கோலை வைத்தே ஓட்டினேன். பால் குறைந்தது, பால் வண்டிக்காரர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதே கடையில் வாங்கும் பக்கத்துப் பண்ணைக்காரியிடமும் தீவனம் சரியில்லை என்று சொன்னேன். உங்க தம்பி கெட்டதையா அனுப்புவாரு என்று சிரித்துவிட்டு அதையே போட்டாள். அவளுடைய நிறைசினைப் பசு சினை கலைந்து கன்றை வீசிவிட்டது, அவள் தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதாள். மாட்டு டாக்டர் தீவனத்தைக் கையில் அள்ளியதுமே பூஞ்சை என்றுவிட்டார்.

சேதி கேட்டு உன் சித்தப்பா வந்தான். ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தேன். மூக்குவரை கொண்டுபோனான், ஆனால் மூச்சை இழுக்கவில்லை. சின்ன வயதில் கசப்பு மருந்து கொடுத்தால் அடக்குவானே, அதே முகம். "வாடை ஒண்ணும் இல்லையேண்ணே, வேணாம்னா நான் திருப்பி எடுத்துக்கறேன்" என்றான். திருப்பி எடுத்து வேறு நூல் போட்டு யார் வாசலில் இறக்குவானோ? அவன் கண்முன்னாலேயே மூட்டைகளைக் கிழித்துக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். அவன் தடுக்கவும் இல்லை, கைகொடுக்கவும் இல்லை.

இப்போது இரண்டு கடையில் பாதி பாதியாக வாங்குகிறேன், இறக்கிய லாரி கிளம்புமுன் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்க்கிறேன், பின்பக்கம் பசுந்தீவனமும் விதைத்தாயிற்று. நீயும் குழந்தையை ஒரே ஆளை நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போகாதே, இன்னொருவரையும் பழக்கிவை. வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். சித்தப்பா ஃபோன் செய்தால் மரியாதையாகப் பேசு, அவன் வீட்டாரை நலம் விசாரி. அண்ணன் கோபமாக இருக்கிறாரா என்று கேட்டால், தெரியாது என்று சொல். எனக்கே தெரியவில்லை.

என்றும் உன் நினைவாக,
அப்பா