பாறை ஏறப் போன ஞாயிறு

துணுக்காய்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்களும் மகளும் சுகந்தானே? மாமியின் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த முறையும் நீங்கள் வராத கோபத்தில், இங்கே ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் தாதி நேசமலரின் குடும்பத்தோடு குளக்கட்டு வழியாகக் காட்டுப் பாறைக்கு நடந்து போனேன். நாம் மூவரும் போவதற்கென்று வைத்திருந்த இடம் அது. வழியில் ஈரம் காயாத யானை லத்தியைக் கண்டதும் நேசமலர், "பிள்ளையளோட வந்தனாங்கள், திரும்புவம்" என்றாள். "நான் ஏறாமல் வரமாட்டன்" என்று தனியே ஏறி, வழுக்கி விழுந்தேன். கணுக்கால் வீக்கம் மட்டுந்தான், பயப்படாதீர்கள். அவளும் கணவரும் தாங்கிக் கூட்டிவந்தார்கள். வழியெல்லாம் உங்களைத்தான் திட்டினேன்.

விடுமுறைக்காவது மகளைக் கூட்டி வாருங்கள். தபாலுக்குக் கொண்டுபோக நேசமலர் வாசலில் நிற்கிறாள். சப்பாத்துக் கடையில் மகளின் கால் அளவைக் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அளந்து எழுதுங்கள்.

ரஜிதா