பூட்டிய வீட்டில் ஒரு விளக்கு

அக்கா, இன்று காலை பால் பொங்கி ஸ்டவ்வில் வழிந்தது. அந்தத் தீய்ந்த வாசனையோடு நீயும் வந்து நின்றுவிட்டாய்.

பொங்கியது என் வீட்டில் அல்ல. தெருமுனை அடுக்குமாடியில், அதே மூன்றாம் மாடி வீட்டில். இப்போது வாங்கியிருப்பவர்கள் துபாயில் இருக்கிறார்களாம். நல்ல நாள் தவறக்கூடாது என்று சாவியை எனக்குக் கொடுத்தனுப்பி, பால் காய்ச்சச் சொன்னார்கள். வெள்ளிதோறும் ஒரு விளக்கும் வைக்க வேண்டும். அன்று உன்னிடம் சொன்ன அதே வேலை.

அப்போது இதே திருவொற்றியூரில் நாம் இருவரும் ஒரே வரிசையில் ஒற்றை அறைகளில் குடியிருந்தோம். அந்த மாடி வீட்டை முதலில் வாங்கியவர் ஒரு நாள்கூட அங்கே தங்கியதில்லை. விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருந்தார். நீயோ உன் வீட்டைப் போலப் பெருக்கித் துடைத்து விளக்கேற்றுவாய். "எவனோ பூட்டிப்போட்ட வூட்டு மேல உனக்கின்னாக்கா இவ்ளோ அக்கறை?" என்று சீண்டுவேன். "வூடு இன்னாடி பாவம் பண்ணுச்சு?" என்பாய்.

பிறகு நம் வரிசையை இடித்து மாடி கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். உன் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியும்வரையாவது இங்கேயே இருக்க நினைத்தாய். அக்கம்பக்கத்து வாடகையோ நமக்குக் கட்டுப்படியாகாது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அந்த வூடு காலியாத்தானே கீது, வாடகைக்குக் கேளுக்கா" என்றேன். போனில் கேட்டாய். மறுநாளே அவர் தம்பி வந்து சாவியை வாங்கிக்கொண்டு பூட்டையும் மாற்றினான். "ஆள வெச்சா அப்புறம் கிளப்ப முடியாது, விக்கவும் முடியாது" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னான்.

நீ புழலுக்கு அப்பால் போனாய். நான் எப்படியோ இங்கேயே ஓர் அறையில் ஒண்டிக்கொண்டேன். மகள் இரண்டு பஸ் மாறி வந்து பரீட்சை எழுதினாள். என்மேல் உனக்குக் கொஞ்சமும் கோபமில்லை. சாமான் ஏற்றும்போதுகூட, "வெள்ளிக்கெழம அங்க இருட்டா இருக்குமேடி" என்றுதான் வருத்தப்பட்டாய். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. போன மாதம் நீ இறந்துவிட்டதாக உன் மகள் போனில் சொன்னபோதும் அதுதான் முதலில் குத்தியது.

பாலை இரண்டு டம்ளரில் ஊற்றினேன். உன் பங்கையும் நானே குடித்துவிட்டு விளக்கேற்றினேன்.

நான் இருக்கும் வாடகை வீட்டையும் பொங்கல் கழிந்ததும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பில் அந்தச் சாவி இருக்கிறது. துபாய்க்காரர்களிடம் நான் கேட்கப்போவதில்லை, அக்கா. கேட்டால் சாவியை வாங்கிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை அங்கே மறுபடி இருட்டாகிவிடும்.