ஒன்பது சாவிகள் தொங்கிய பலகை

மடிக்கணினிப் பையைத் துவைக்க எடுத்தேன். அதன் அடித் தையலில் ஒரு மஞ்சள் நூல் சிக்கியிருந்தது. ஒரு விரல் நீளம். இழுத்தால் வந்துவிடும். இழுக்கவில்லை. பையை மறுபடி மூலையிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன், அத்தை.

என் சாவியில் நீங்கள் கட்டிய நூல் அது.

இந்த அடுக்ககத்தைக் கட்டியவர் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பூட்டு வாங்கிப் போட்டிருந்தார். சாவிகளில் வித்தியாசம் தெரியாது. நீங்கள் நகரிப் பக்கத்து உங்கள் ஊரிலிருந்து, தறிக்காரர்கள் கழித்துப் போடும் நூலை ஒரு பந்தாகச் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். மூன்றாம் மாடி மாதவி டீச்சருக்குச் சிவப்பு. தரைத்தளத்து ராமமூர்த்தி சாருக்குப் பச்சை. எனக்கு மஞ்சள். உங்கள் சமையலறையில், தாளிக்கும் எண்ணெய் தெறித்துக் கறுத்த ஒரு பலகை. அதில் ஒன்பது ஆணிகள், ஒன்பது வீடுகள்.

எங்களில் முக்கால்வாசிப் பேர் காலையில் போய் மாலையில் வருகிறவர்கள். சிலிண்டர் வந்தால் நீங்கள் திறப்பீர்கள். குழாய் ரிப்பேர்க்காரர் வந்தால் நீங்கள் திறப்பீர்கள். அவர் வேலை முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து வாசலில் நிற்பீர்கள். மாலையில் நான் மாடிப்படி ஏறி வரும்போது அறிக்கை வரும். "இன்னா நைனா, துன்னியா? உன் குழாய்க்கு வாஷர் போட்டாச்சு. ஊடா அது? பாத்ரூம்ல புஸ்தகம் கீது, அடுப்பாங்கரைல ஷூ கீது."

எனக்கு இங்கே வீடு கிடைத்ததே உங்களால். அசோசியேஷன் தலைவர் ராமமூர்த்தி சார், தனி ஆண்களுக்கு வாடகைக்கு விடுவதில்லை என்று சொல்லிவிட்டார். ரேணிகுண்டா பக்கத்துக் கம்பெனியின் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டருகே நின்றிருந்தேன். காய்கறிப் பையோடு வந்தீர்கள். நான் போனில் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். அவரிடம் தெலுங்கில் சொன்னீர்கள். "மா ஊரு பில்லோடு சார், நேனு சூசுகுண்டா." எங்கள் ஊர்ப் பையன், நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் தலையைச் சொறிந்தார். சரி என்றார். படியேறும்போது என்னிடம் கேட்டீர்கள்.

"ஆமா, நீ எந்த ஊரு நைனா?"

"சத்தியவேடு பக்கம், ஆன்ட்டி."

"ஆன்ட்டியாம். அத்தன்னு கூப்புடு. இல்லன்னா கூப்புடாத."

உங்கள் மகன் அமெரிக்காவில். கழனியை விற்று அவரைப் படிக்க அனுப்பினீர்கள். அவர் அங்கிருந்து இந்த வீட்டை வாங்கித் தந்தார். "மண்ண குடுத்தேன், பெட்டிய குடுத்தான்" என்பீர்கள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் அன்று சிரிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு மாதவி டீச்சர் வீட்டில் நகை காணாமல் போனது. பீரோ திறந்திருந்தது. கதவுப் பூட்டு உடையவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். வேறு யாரிடம் சாவி இருக்கிறது?

யாரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் இரண்டாம் மாடியில் உங்கள் வீட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்த ஞாயிறு வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். வாசலுக்கு ஏஜென்சி காவலாள், மாடிக்கு ஒரு கேமரா, அவரவர் சாவி அவரவரிடம். ராமமூர்த்தி சார் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது நீங்கள் பலகையோடு இறங்கி வந்தீர்கள். பிளாஸ்டிக் மேசைமேல் வைத்தீர்கள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. சொல்லாததும் எனக்குக் கேக்குது. எடுத்துக்கினு போங்க."

ஒருவர் எடுத்தார். இன்னொருவர். நான் ஆறாவதாக எடுத்தேன். ஐந்து பேர் எடுத்த பின் எடுக்காமல் நின்றால் உங்களோடு சேர்த்து என்னையும் பார்ப்பார்களோ என்று பயந்தேன். வாடகைக்கு இருப்பவன். தனியாள். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதிலை மட்டும் தயாராக வைத்திருக்கிறேன்.

"நூல அவுத்துட்டு எடு நைனா. நூலு என்னுது" என்றீர்கள்.

யாரும் சிரிக்கவில்லை. நான் அவிழ்க்கவும் இல்லை. அப்படியே பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை என் வாசலில் நின்றீர்கள். "என் சாவி உன்கிட்ட ஒண்ணு கீதில்ல. குடு."

"அது இருக்கட்டும் அத்தை."

"நான் மட்டும் உன்ன நம்பிக்கினு இருக்கணுமா? குடு."

கொடுத்தேன். உங்கள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னைத் துன்னியா என்று கேட்டதில்லை.

கேமராக்களை நான்தான் பொருத்தவைத்தேன். படித்தவன், நீ பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாம் மாடியில் லிஃப்ட்டும் உங்கள் கதவும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி கோணம் பார்த்தேன். நீங்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தீர்கள்.

"இது இன்னாத்துக்கு என் கதவயே பாத்துக்கினு கீது?"

"பாதுகாப்புக்குத்தான்."

"பாக்கட்டும். பாத்து இன்னா பண்ணும்? ரெண்டு நாளா ஆளக் காணமேன்னு வந்து கேக்குமா?"

கோணத்தை மாற்றவில்லை.

நான்கு மாதம். நாங்கள் பாதுகாப்பாக இருந்தோம். வாரம் ஒரு காவலாள் மாறினார். யாருக்கும் எங்கள் முகம் தெரியாது. வருகிறவர்களை நோட்டில் எழுதினார்கள். உள்ளேயே இருப்பவர்களுக்கு நோட்டு இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை உங்கள் மகன் எனக்குப் போன் செய்தார். என் எண்ணை எப்போதோ நீங்கள் அவருக்குக் கொடுத்திருந்தீர்கள். "அம்மா ரெண்டு நாளா போன் எடுக்கல. கொஞ்சம் பாக்கறீங்களா?" உங்கள் கதவைத் தட்டினேன். பிறகு ராமமூர்த்தி சார் தட்டினார். பிறகு தச்சரைக் கூப்பிட்டோம். மொத்தக் கட்டடத்திலும் அந்தக் கதவுக்கு வெளியே ஒரு சாவி இல்லை.

சமையலறைத் தரையில் இருந்தீர்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வியாழக்கிழமை காலை விழுந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். உயிர் வெள்ளி மாலை வரைகூட இருந்திருக்கலாம் என்றார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பேனாவை மூடிக்கொண்டே.

போலீஸ் கேமராப் பதிவைக் கேட்டது. எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நான். காவலாள் அறையில் சின்னத் திரைமுன் உட்கார்ந்தேன். இரண்டு நாள். ஒரே கதவு. சத்தம் பதிவாகாத கேமரா.

வியாழன் பதினொரு மணி. மாதவி டீச்சர் ஒரு கிண்ணத்தோடு வருகிறார். மணி அடிக்கிறார். நிற்கிறார். மறுபடி அடிக்கிறார். முந்தானையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போகிறார்.

வெள்ளி காலை. தலைவராக மாடி மாடியாகப் பார்த்துவரும் ராமமூர்த்தி சார் லிஃப்டிலிருந்து வருகிறார். உங்கள் வாசலில் பால் பாக்கெட் கிடக்கிறது. குனிந்து பார்க்கிறார். பாக்கெட்டை ஓரமாக நகர்த்தி வைக்கிறார், யாரும் மிதித்துவிடாதபடி. போகிறார்.

வெள்ளி மாலை ஆறு பத்து. படியேறி நான் வருகிறேன். உங்கள் கதவெதிரே நிற்கிறேன். கை மணியை நோக்கிப் போகிறது. நிற்கிறது. திரும்பிவிடுகிறேன். பதினொரு விநாடி.

எனக்கு அது நினைவில் இல்லை, அத்தை. நின்றதோ, கை உயர்ந்ததோ, எதுவும் இல்லை. மாடிக்கு வந்து தேநீர் போட்டது நினைவிருக்கிறது. தேநீரில் சர்க்கரை குறைவாக இருந்ததுகூட. அந்தத் திரையில் இருப்பவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்கு அவன் சொல்லவில்லை.

மாதவி டீச்சரிடம் கேட்டேன், கதவு திறக்காததை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. முதலில் நகையைப் பற்றிச் சொன்னார். நகையை எடுத்தவர் அவருடைய கணவரின் தம்பி. இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. குடும்ப மானம் என்று மூடிவிட்டார்கள். உங்களிடம் எப்படி வந்து சொல்வது என்று நான்கு மாதம் தவித்து, அன்று பள்ளிக்கு லீவு போட்டு, பால் பாயசம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாராம்.

"கோவத்துல தெறக்கலன்னு நெனச்சேன் தம்பி. தெறக்காததும் நியாயந்தான்னு நெனச்சிக்கினே போய்ட்டேன்."

ராமமூர்த்தி சார் நீங்கள் ஊருக்குப் போயிருப்பதாக நினைத்தார். நான் எதையும் நினைக்கவில்லை. மூன்று பேர், ஒரு கதவு. எங்கள் மூவரில் இருவர் படியில் நின்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். நாங்கள் படியில் நிற்பதை விட்டிருந்தோம். உங்களிடமிருந்து சாவிகளைத் திரும்ப எடுத்துக்கொண்ட நாளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது சங்கடமாக இருந்தது.

அதன் பிறகு ராமமூர்த்தி சார் வீட்டு மணியை அடிக்க ஆரம்பித்தேன். அவரும் தனியாள்தான். மனைவி போய் வெகுகாலம். மகள் பெங்களூரில். வேலை முடிந்து வரும்போது ஒரு முறை. அவருக்குப் பிடிக்கவில்லை. "பாகானே உன்னானய்யா, வெள்ளு" என்பார் கதவைத் திறக்காமலே. நன்றாகத்தான் இருக்கிறேன், போ. கேட்டுவிட்டுத்தான் மாடியேறுவேன். இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று காவலாளிடம் சொன்னாராம். சொன்னது சரிதான்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். கம்பெனிக்குப் போகவில்லை. இரண்டு நாள் தரைத்தளத்துக்கு இறங்கவும் இல்லை. மூன்றாம் நாள் மாலை என் வீட்டு மணி அடித்தது.

எழுந்திருக்க முடியவில்லை. கட்டிலிலிருந்து கதவு பதினைந்து அடி. தரையில் காலை வைத்தால் தரை சாய்ந்தது.

உள்ளே கிடந்து மணியைக் கேட்பது அதுதான் முதல் முறை. அது சமையலறை வரை போய், பாத்திரங்களில் பட்டு, திரும்பி வருகிறது. வருகிறேன் என்றேன். குரல் தலையணையைத் தாண்டவில்லை. மறுபடி அடித்தது. பிறகு நின்றது.

அந்த நிசப்தத்தில் செருப்பு நகரும் சத்தத்துக்காகக் காத்துக்கிடந்தேன். டீச்சரின் செருப்பு நகர்ந்தது உங்களுக்குக் கேட்டிருக்கும். மறுநாள் என் ஷூ. படியேறி வருவது நான்தான் என்று உங்களுக்கு அந்தச் சத்தத்திலேயே தெரியும். வந்தது. நின்றது. நைனா என்று கூப்பிட்டீர்களா?

செருப்பு நகரவில்லை. கதவில் உள்ளங்கையால் அடிக்கிறார் ராமமூர்த்தி சார். என் பெயரைச் சொல்கிறார். "ஏமய்யா, உன்னாவா? லேயி. நேனு இக்கடே உன்னா." எழுந்திரு, நான் இங்கேதான் இருக்கிறேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடுவில் ஒருமுறை உட்கார்ந்தேன். தாழ்ப்பாளைத் தொட வெகுநேரம் ஆனது. அவர் போகவில்லை.