இடப்பக்கம் இழுக்கும் கார்

பதுளை
15.10.2024

மாப்பிள்ளை பழனியாண்டி அவர்களுக்கு,

தங்கச்சி பெரியாயியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு ரெங்கசாமி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை ரிமோட் கார் போட்டி முடிந்ததும், "மச்சான், இனி உங்க வாயோட எனக்குப் பேச்சு இல்ல. எதுன்னாலும் எழுதிக் குடுங்க, நாலு பேருக்குக் காட்டணும்" என்றீர்கள். எழுதுகிறேன். தாராளமாகக் காட்டுங்கள்.

முப்பத்தி நான்கு வருடம் தேயிலை பெக்டரியில் மெஷின் பிரித்துப் பூட்டியவன் நான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ரிமோட் காரும் அப்படித்தான். ஸப்ரான் தன் ரேடியோ கடையில் கிளப் தொடங்கிய நாளிலிருந்து ஆறு வருடமாக, எந்த ஷொக்கில் என்ன எண்ணெய், எந்தச் சக்கரத்துக்கு எந்த ஸ்பிரிங் என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை என் வீட்டு சீமெந்துத் தரையில் ஸ்டியரிங்கைத் தொடாமல் ஓட விட்டேன். நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது.

மறுநாள் உங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, ஏழாம் நம்பர் மலையின் பழைய கார்ட் ரோட்டில் அதே கார் என்ன செய்தது? மற்ற இடமெல்லாம் ஒழுங்காக ஓடி, வளைவில்லாத நேர்த்துண்டில் மட்டும் இடப்பக்கம், பள்ளத்துப் பக்கம் இழுத்தது. முதல் ஓட்டத்தில் ஒரு முழம். இரண்டாம் ஓட்டத்தில் தேயிலைச் செடிக்குள் போய்க் கவிழ்ந்தது. ராலியில் கார்கள் ஒவ்வொன்றாக ஓடி நேரம் பார்ப்பதால் யாரும் இடித்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. மார்ச் மாதப் போட்டியில் இதே ஸ்பிரிங், இதே எண்ணெய். அன்றைக்கு நான் முதலாவது.

ரோட்டைத் துப்புரவாக்கியது நீங்கள். மண்வெட்டி உங்கள் கையில் இருந்தது. உங்கள் கார் மட்டும் அந்த இடத்தில் நேராகப் போனது. இடப்பக்கத்து மண்ணை நீங்கள் வெட்டி இறக்கினீர்கள் என்றுதான் அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

பெரியாயிக்குத் தைலம் வைத்திருக்கிறேன். கண்டக்டர் நௌபரிடம் கொடுத்து விடுகிறேன்.

ரெங்கசாமி


கீழ் லயம், நமுனுகுல
18.10.2024

மச்சானுக்கு,

தைலம் கிடைத்தது. பெரியாயி பூசிக்கொண்டாள். கடிதமும் கிடைத்தது. அதைப் பூசிக்கொள்ள முடியவில்லை.

நான் இந்த லயத்துக்குத் தலைவர். ஆறு காம்பராக் குடும்பத்திலும் ஒரு சண்டை என்றால் என்னிடம்தான் நியாயம் கேட்டு வருகிறார்கள். அப்படிப்பட்டவன் ஒரு விளையாட்டுக் காருக்காக ரோட்டை வெட்டினான் என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டீர்கள். நான் வெட்டியது புல் மட்டும்.

என் கார் ஏன் நேராகப் போனது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், உங்கள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுக்குள் சீமெந்தில் வைத்துக் காரைச் சரிசெய்கிறீர்கள். நான் ஓடப் போகிற ரோட்டிலேயே வைத்துச் சரிசெய்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து வாரா வாரம் ஓட்டிப் பார்க்கிறேன். கொஞ்சம் இடப்பக்கம் போனால் ரிமோட்டில், காரின் நேர் திசையைத் திருத்துகிற ட்ரிம் குமிழை ஒரு கிளிக் வலப்பக்கம் வைக்கிறேன். வாரம் ஒரு கிளிக், சில வாரம் இரண்டு. கார் என்னோடு பேசுகிறது, நான் கேட்கிறேன். உங்கள் காரோடு நீங்கள்தான் பேசுகிறீர்கள், அது பாவம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்கு இங்கே வேறு வேலை இல்லையா? மழை விட்டபாடில்லை. மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் கலங்கலாக வருகிறது, பெரியாயி துணி கட்டித்தான் பிடிக்கிறாள். குசினிக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுக்கிறது. இரண்டு தரம் சீவிவிட்டேன். இந்தக் கவலைகளுக்கு நடுவில் உங்களுக்குக் குழி வெட்ட எனக்கு எங்கே நேரம்?

வருடா வருடம் தீபாவளிக்குத் தங்கச்சியையும் என்னையும் அழைத்துச் சேலை வேட்டி வைப்பீர்கள். இந்த வருடம் அழைக்க வேண்டாம். அழைத்தாலும் வரமாட்டோம்.

பழனியாண்டி


பதுளை
22.10.2024

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்து தரம் படித்தேன். திங்கட்கிழமை காலை பஸ் ஏறி, மேல் வழியாக ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். உங்கள் லயத்துக்கு இறங்கவில்லை. வரவேண்டாம் என்றவர் வாசலில் நிற்கும் பழக்கம் எனக்கு இல்லை.

நேர்த்துண்டின் இரண்டு ஓரமும் குனிந்து பார்த்தேன். மண்வெட்டி பட்ட தடம் ஓரிடத்திலும் இல்லை. மண் பழைய மண். நீங்கள் வெட்டவில்லை. நான் சொன்னது தவறு. இதை நாலு பேருக்குக் காட்டுங்கள்.

பிறகு பலகையைப் போட்டு அதன்மேல் ரசமட்டம் வைத்தேன். மார்ச் மாதம் போட்டிக்கு முந்தின நாளும் அங்கே வைத்தேன், கொப்பியில் இருக்கிறது. அன்றைக்குக் குமிழி நடுவில் நின்றது. நேற்று முழுதாக ஓரத்துக்குப் போய்விட்டது. யாரும் வெட்டாமல் ரோடு பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ரோட்டுக்கு மேலே செடிகளுக்குள் ஏறினேன். ஒரு வெடிப்பு, என் விரல் நுழைகிற அகலம், முப்பது அடிக்குமேல் நீண்டு போகிறது. இலை மூடியிருப்பதால் கொழுந்து எடுக்கிறவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

மாப்பிள்ளை, நீங்கள் எழுதியதை நீங்களே திரும்பப் படியுங்கள். வாரம் ஒரு கிளிக் ஏன் தேவைப்பட்டது? கதவு ஏன் இடிக்கிறது? பீலி ஏன் கலங்குகிறது? மூன்றும் ஒரே விஷயம். மலை நகர்கிறது. அதற்கு நேர் கீழே நீங்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த மாதம் இருபத்தொன்பதாம் திகதியோடு மீரியபெத்த லயங்கள் மண்சரிவில் புதைந்து பத்து வருடம். பெக்டரியிலிருந்து மண்வெட்டியோடு போனவர்களில் நானும் ஒருவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பார்த்ததை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

பெரியாயியை அழைத்துக்கொண்டு உடனே இறங்கி வாருங்கள். தலைவர் நீங்கள் இறங்கினால் மற்ற ஐந்து குடும்பமும் யோசிக்கும். அழைக்க வேண்டாம் என்றீர்கள். அழைக்கிறேன். தீபாவளிக்கு வாருங்கள், மழை முடியும்வரை இருங்கள்.

ரெங்கசாமி


கீழ் லயம்
25.10.2024

மச்சானுக்கு,

கடிதத்தை லயத்தில் எல்லோருக்கும் வாசித்தேன். முதல் பக்கத்துக்குத் தலையாட்டினார்கள். இரண்டாம் பக்கத்துக்குச் சிரித்தார்கள். லயத்துக் கடைசியில் இருக்கிற கோடி காம்பராக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "தோத்ததுக்கு மொதல்ல தலைவரோட மம்பட்டியக் குத்தம் சொன்னாரு. இப்ப மலையவே குத்தம் சொல்றாரு. அடுத்தது சாமிதான் பாக்கி."

நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சொல்வதும் பொய்யில்லை. நீங்கள் கிளப்பில் தோற்ற ஒவ்வொரு தரமும் ஒரு காரணம் இருந்தது. ஒரு தரம் பெட்டரி, ஒரு தரம் வெயில், ஒரு தரம் ஸப்ரானின் கடிகாரம். ஆறு வருடத்தில் ஒரு நாளாவது "என் கார் சரியில்லை" என்று உங்கள் வாயிலிருந்து வந்ததா?

மழை பெய்தால் எல்லோரும் மீரியபெத்த என்கிறார்கள். சொன்ன தரமெல்லாம் மூட்டை கட்டினால் வருடத்தில் பாதி நாள் நாங்கள் பள்ளிக்கூடத்தில்தான் படுக்க வேண்டும். ஆட்டுக்கு யார் தழை ஒடிப்பது? காம்பராவை விட்டுப் போனால் திரும்ப வரும்போது அது நம்முடையதாக இருக்கும் என்று யார் சொல்வது? நீங்கள் சொந்த வீட்டில் இருக்கிறவர். உங்களுக்கு இது விளங்காது.

பெரியாயி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அண்ணன் பிடிவாதக்காரருதான், பொய்க்காரரு இல்ல" என்கிறாள். அதனால் ஒரு முடிவு சொல்கிறேன். காரைச் சரிசெய்ததில் பிழை உங்களுடையது, ரோட்டில் பிழை இல்லை, நீங்கள் தோற்றது நியாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நவம்பர் பத்தாம் திகதி கிளப் கூட்டத்தில் நானே வாசிப்பேன். அனுப்பினால் தீபாவளிக்கு வருவோம். இல்லையென்றால் உங்கள் மலை உங்களோடு, எங்கள் லயம் எங்களோடு.

பழனியாண்டி


பதுளை
27.10.2024

ஸப்ரான் அவர்களுக்கும் கிளப் அங்கத்தவர் எல்லோருக்கும்,

கடந்த பதின்மூன்றாம் திகதி நடந்த ராலிப் போட்டியில் என் கார் இடப்பக்கம் இழுத்ததற்கு நான் அதைச் சரிசெய்த விதமே காரணம். முன் சக்கரத்தின் கோணத்தில் நான் பிழை விட்டிருந்தேன். ரோட்டில் பிழை இல்லை. திரு. பழனியாண்டி ரோட்டை வெட்டினார் என்று நான் சொன்னது பொய்க் குற்றச்சாட்டு. அவர் வென்றது நியாயம், நான் தோற்றது நியாயம்.

மு. ரெங்கசாமி

மாப்பிள்ளை, மேலே இருப்பது கூட்டத்துக்கு. இது உங்களுக்கு. நீங்கள் கேட்டபடி ஒரு சொல் குறையாமல் எழுதிவிட்டேன். மூன்று தாள் வீணாகி நாலாவது தாளில்தான் கை ஓடியது. எது உண்மை, எது இல்லை என்று இனி நான் வாதாடப் போவதில்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸுக்கு நான் ஸ்டாண்டில் நிற்பேன். பெரியாயிக்குப் படி ஏற முடியாது என்பதால் கீழ் அறையை ஒதுக்கிவிட்டேன். உங்கள் காரையும் கொண்டு வாருங்கள், விட்டுவிட்டு வந்தால் அதை நினைத்துக்கொண்டே இருப்பீர்கள். செவ்வாய்க்கிழமைதான் இருபத்தொன்பதாம் திகதி. செவ்வாயே வர முடிந்தால் செவ்வாயே வாருங்கள்.

ரெங்கசாமி


கீழ் லயம்
8.11.2024

மச்சான் அவர்களுக்கு,

தீபாவளிக்கு வந்து நாலு நாள் உங்கள் வீட்டில் இருந்தோம். நீங்கள் கார் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மழை விட்டது, மலை நின்ற இடத்திலேயே நின்றது, நான் பெரியாயியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்தேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தீபாவளியன்று காலை நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது என் காரை உங்கள் சீமெந்துத் தரையில் ஓட விட்டேன். என் காரும் நேராகத்தான் போகும் என்று பெரியாயிக்குக் காட்டத்தான். ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கார் வலப்பக்கம் வளைந்து போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி விட்டேன். மறுபடி சுவர். பெரியாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

லயத்துக்கு வந்த பிறகும் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். நேற்று ட்ரிம் குமிழை நடுவுக்குத் திருப்பிக்கொண்டே எண்ணினேன். இருபத்தாறு கிளிக். ஜூனிலிருந்து வாரா வாரம் மலை சாயச் சாய நான் காரைச் சாய்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். கார் பேசுகிறது என்று உங்களுக்கு எழுதினேன். அது சொன்னது எனக்கு விளங்கவில்லை, மச்சான்.

பிறகு வெடிப்பைப் போய்ப் பார்த்தேன். உங்களுக்கு விரல் நுழைந்தது. எனக்குக் கை நுழைந்தது.

தோட்டத்துத் துரையிடம் சொன்னேன். அவர் அதிகாரிகளுக்கு அறிவித்தார். அவர்கள் வந்து பார்க்கும்வரை லயத்தில் யாரும் படுக்க வேண்டாம் என்று உத்தரவு. ஐந்து குடும்பத்தையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கிவிட்டேன். கோடி காம்பராக்காரர்தான் முதலில் மூட்டை கட்டினார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

பெரியாயியை இந்தக் கடிதத்தோடு நௌபரின் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நான் வரமுடியாது. தலைவர் என்று எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கிளப்புக்கு எழுதிய தாளைத் திருப்பி அனுப்புகிறேன். ஒருவருக்கும் வாசிக்கவில்லை. என் கையால் கிழிக்க மனம் வரவில்லை. நீங்களே கிழித்துவிடுங்கள்.

பழனியாண்டி


பதுளை
11.11.2024

மாப்பிள்ளைக்கு,

பெரியாயி வந்து சேர்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்: "பஸ் எடுக்குற வரைக்கும் லயத்தையே பாத்துக்கிட்டு நின்னாருண்ணே. நான் கையக் காட்டுனது அவருக்குத் தெரியல."

இங்கே இன்று காலையிலிருந்து மழை. அங்கே எப்படி என்று நௌபரைக் கேட்டேன். மழையைப் பற்றிச் சொல்லாமல், நேற்று உங்களை லயத்துப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார். ஆடு அங்கேயே கட்டிக் கிடக்கிறதாம், நீங்கள் காலையும் மாலையும் தழை கொண்டு போகிறீர்களாம். பெரியாயிக்கு இதை நான் சொல்லவில்லை.

தாளைக் கிழிக்கவில்லை. ஆட்டை அவிழ்த்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டி வந்துவிட்டேன், இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று உங்கள் கையெழுத்தில் எனக்கு வரவேண்டும். வந்த அன்று கிழிப்பேன். வரும் ஞாயிற்றுக்குள் வராவிட்டால் ஸப்ரானிடம் கொண்டு போய்க் கொடுத்து, கிளப் சுவரில் ஒட்டச் சொல்வேன். அதில் இருப்பது பொய் என்று உங்களுக்குத் தெரியும். அதன் கீழே உங்கள் வெற்றியை வைத்துக்கொண்டு உங்களால் ஒரு நாள்கூடக் கிளப்பில் நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அதுவரை தோற்றவன் நான்தான். இருந்துவிட்டுப் போகிறேன். பதிலை நௌபரிடம் கொடுங்கள். மாலை பஸ் வரும் நேரத்துக்கு ஸ்டாண்டில் நிற்கிறேன். நாளையும் நிற்பேன்.

ரெங்கசாமி